பஸ் பாஸில் மிச்சமாகும் உடல்நலம்

பெட்ரோலுக்குப் போகும் பணம்

சென்னை அயனம்பாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. மின்சார ரயிலைப் பிடிக்க அம்பத்தூருக்கும், மெட்ரோவைப் பிடிக்கத் திருமங்கலத்துக்கோ கோயம்பேட்டுக்கோ போயாக வேண்டும். அதனால்தான் தினமும் வேலைக்குப் போகிற பலர் வாசலிலேயே டூவீலரைக் கிளப்பிவிடுகிறார்கள். போக வர 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் 1,000 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தாலும், லிட்டர் சுமார் நூறு ரூபாய் விற்கிற காலத்தில் பெட்ரோலுக்கு மட்டும் 2,000 ரூபாய் ஆகிறது. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. மாநகர பஸ்ஸில் ஏசி இல்லாத வண்டிகளில் விருப்பம்போல் போய்வர மாதப் பாஸ் 1,000 ரூபாய். மின்சார ரயில் சீசன் டிக்கெட்டோ, தினமும் டிக்கெட் எடுக்கும் செலவில் பாதிகூட வராது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் டிக்கெட்டே இல்லை. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணக்கில் வராமல் போவது, வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கும் ஸ்டாப்பிலிருந்து வேலையிடத்துக்கும் நடக்கிற நடை. பஸ் பயணத்தின் பெரிய லாபம் அந்த நடையில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

ஆய்வு காட்டுவது

லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களின் தொழிற்சாலை ஊழியர்களையும் கிராமத்தில் இருக்கும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. சொந்த வண்டியில் வேலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் அதிக எடையுடன் இருந்தார்கள். பஸ், ரயிலில் போனவர்களில் அது சுமார் 38 சதவீதம். நடந்தோ சைக்கிளிலோ போனவர்களில் சுமார் 25 சதவீதம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தினமும் போய்வரும் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது. வசதி குறைந்தவர்கள்தானே நடக்கிறார்கள், அதனால் மெலிந்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் வாழ்க்கைத் தரம், தொழில், உணவில் கொழுப்பின் அளவு இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அதிக எடை இருக்கும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் நடைதான் காரணம் என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்டாப்புக்குப் போக வர நாளுக்கு அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் ஐந்து நாளில் அது நிறைந்துவிடும். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்ன பிறகு, இந்த அரை மணியை அற்பமாக நினைக்க முடியாது.

நேரம், புகை, ரோடு

பஸ்ஸில் போனால் நேரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் ஜிம்முக்கோ நடைப்பயிற்சிக்கோ தனியாக ஒதுக்க வேண்டிய நேரம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வாசலிலிருந்து ஸ்டாப்புக்கு ஷேர் ஆட்டோ பிடித்தால் இந்த லாபம் போய்விடும், பணமும் போகும். புகையில் நடந்தால் கெடுதல் இல்லையா? 2016இல் வந்த ஒரு சர்வதேச ஆய்வு இதைக் கணக்கிட்டது. பிஎம் 2.5 என்னும் நுண்துகள் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் காற்றில்கூட, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் கெடுதல் நன்மையை மிஞ்சுகிறது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாமல், நெரிசலில் மாட்டினால் சாப்பிட ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டுத் தண்ணீரும் டிபனும் பையில் இருந்தால், பஸ்ஸால் மிச்சமான காசு மாலையில் பஜ்ஜிக் கடைக்குப் போகாது.

எனக்கு வலுவாகப் படும் ஆட்சேபம் ரோடு. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். நடப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். லாரிகள் ஓடும் பெரிய ரோட்டை விட்டு உள்தெரு வழியாக ஸ்டாப்பை அடைவது நம் கையில் இருக்கிறது. நடைபாதையும், மழை பெய்தால் தண்ணீர் தேங்காத தெருவும், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்களுக்குத் தெருவிளக்கும் நம் கையில் இல்லை. அவை இல்லாமல் நடக்கச் சொல்வது அநியாயம். அவற்றைக் கேட்பதற்கு உள்ளாட்சி நடத்தும் பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், உங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எரியாத விளக்குகளின் பட்டியலை எழுதி எடுத்துப் போங்கள்.