மரத் தளத்தில் பழைய சாயப்பூச்சை அகற்றுதல்

மரத் தளத்தில் பழைய சாயப்பூச்சை அகற்றுதல் என்பது, திறந்தவெளி மரத்தளம், படகின் மேல்தளம், திண்ணைத் தூண், கதவு, சன்னல் ஆகியவற்றில் முன்பு பூசிய சாயம், வார்னிஷ், எண்ணெய் முதலியவற்றை நீக்கி, புதிய பூச்சு பிடிக்கும்படி மரத்தை ஆயத்தம் செய்யும் பணியாகும். பழைய படலம் எங்கே மரத்தை விட்டுப் பிரிகிறதோ, அங்கே அதன் மேல் பூசிய புதிய பூச்சும் சேர்ந்து உரிந்துவிடும். எனவே மறுபூச்சின் ஆயுள் பெரும்பாலும் இந்த முன்பணியைப் பொறுத்தே அமைகிறது.

வடசென்னைச் சூழல்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் உள்ள பழைய தேக்குக் கதவுகளும் தூண்களும், காசிமேட்டு மரப் படகுகளும் கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் தொடர்ந்து எதிர்கொள்கின்றன. திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் இரும்பு எஃகுச் சந்தை உள்ளது. இரும்பை அறுக்கும்போதும் சாணை பிடிக்கும்போதும் நுண்ணிய துகள்கள் பறக்கும். அவை ஈர மரத்தின் மீது படிந்தால் கருங்கறை உண்டாகும். இக்கறை பூச்சினால் வந்ததன்று. ஆகவே பூச்சை நீக்கும் மருந்தால் இது போவதில்லை.

பூச்சை இனங்காணுதல்

எந்தப் பூச்சு என்று தெரிந்த பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சால் தொட்டுச் சோதிக்கலாம்.

- ஸ்பிரிட் தொட்டதும் இளகினால் அது அரக்குப் பாலிஷ்.
- ஸ்பிரிட்டுக்கு இளகாமல், லாக்கர் தின்னருக்கு இளகினால் அது லாக்கர்.
- இரண்டுக்கும் எளிதில் இளகாவிட்டால் அது எண்ணெய் வார்னிஷாகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கக்கூடும்.

அகற்றும் முறைகள்

படலமாக நிற்கும் பூச்சுக்குப் பசை வடிவிலான பெயிண்ட் ரிமூவர் ஏற்றது. அதைத் தடிப்பாகத் தடவி, டப்பாவில் குறித்த நேரம் வரை காத்திருந்து, பூச்சு பொங்கியதும் மழுங்கிய தகட்டால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே சுரண்ட வேண்டும். காத்திருக்கும்போது மருந்து காய்ந்துவிடக் கூடாது. வெயில் நேரடியாக விழும் தளத்தில் காலையிலோ மாலையிலோ செய்வது நல்லது. பல அடுக்குப் பூச்சுக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம்.

மரத்துக்குள் ஊறிய எண்ணெய்ச் சாயத்துக்குச் சோடியம் பெர்கார்பனேட் அல்லது காஸ்டிக் சோடா கலந்த கரைசல் பயன்படுகிறது. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை இது அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. காரம் பட்ட தேக்கு கறுத்துப்போவது இயல்பு.

எஞ்சிய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். 60 அல்லது 80 எண் தாளில் தொடங்கி, 100 அல்லது 120 எண்ணோடு தளத்தை முடிப்பது வழக்கம். அளவுக்கு மீறி வழவழப்பாக்கினால் புதிய சாயம் உள்ளே இறங்காது. நீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் மரநார்கள் கிளம்பிவிடும்.

கருங்கறையை நீக்குதல்

மரத்திலுள்ள டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புநிறச் சேர்மம் உருவாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கலம்காரித் துணியில் கறுப்பு நிறம் தருவதும் இதே வேதிவினைதான். இரும்புக் கம்பிநாரால் தளத்தைத் தேய்க்கக் கூடாது என்பதன் காரணமும் இதுவே. உடைந்து தங்கும் துண்டுகள் பின்னர் கறையாகும்.

ஆக்சாலிக் அமிலம் இக்கறையை நீரில் கரையும் சேர்மமாக மாற்றி நீக்குகிறது. காரத்தால் கறுத்த மரத்தையும் இது வெளுக்க வைக்கும். அதற்கு முன் காரத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். இவ்வமிலம் நச்சுத்தன்மை உடையது. பலமுறை கழுவிய பிறகே உலர்ந்த மரத்தைத் தேய்க்கலாம். இல்லாவிட்டால் அமிலத்தூள் மூச்சில் கலக்கும். இதனுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு எழும். ஆதலால் இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

பாதுகாப்பு

பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றை ஈயம் கலந்தவையாகவே கருதி நடப்பது பாதுகாப்பானது. உலர்ந்த நிலையில் தேய்ப்பதும், தீச்சுடரால் சுடுவதும் ஈயத்தை மூச்சில் சேர்க்கும். ஈரமாக்கிச் சுரண்டி, கழிவைப் பையில் கட்ட வேண்டும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பதால் அவர்களும் கருவுற்ற பெண்களும் அருகில் இருக்கக் கூடாது.

சில ரிமூவர்களில் டைகுளோரோமீத்தேன் உள்ளது. அடைத்த அறையில் இதன் ஆவி உயிரைப் பறிக்கும். அமெரிக்காவில் பொதுமக்கள் வாங்கும் ரிமூவர்களில் இதற்கு 2019இல் தடை விதிக்கப்பட்டது. கையுறை, கண்ணாடி அணிவதோடு திறந்த வெளியில் வேலை செய்வது அவசியம்.

மறுபூச்சு

மரத்தின் ஈரப்பதம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே பூச வேண்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம் இதற்கு உகந்ததன்று. மரத்தின் மேல் விட்ட நீர்த்துளிகள் முத்தாக நிற்காமல் ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சப்பட்டால் பழைய பூச்சு நீங்கிவிட்டது எனக் கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் தடவிய துணிகளைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானே தீப்பற்றும். அவற்றை விரித்து உலர்த்துவதோ நீரில் மூழ்கவைப்பதோ வேலையின் கடைசிக் கடமையாகும்.