உப்புத் தின்ற எஞ்சின் தண்ணீர் குடிக்க வேண்டும்!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. மனுஷனுக்குச் சொன்ன பழமொழிதான். ஆனால் மீன்பிடிப் படகில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாருக்கும் அது அப்படியே பொருந்தும்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுகள் பெருகின. படகு வைத்திருக்கும் பல வீடுகளில் அந்த மோட்டார்தான் விலை உயர்ந்த பொருள். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் எடுத்தவர்கள் நிறைய பேர். கடன் தீருவதற்கு முன்னால் மோட்டார் தீர்ந்துவிட்டால் அந்த வீட்டின் கதி என்ன? தினமும் பத்து நிமிடம் செய்கிற ஒரு சின்ன வேலை மோட்டாரின் ஆயுளை எப்படிக் கூட்டுகிறது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

கடல்தான் ரேடியேட்டர்!

லாரி எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு. உள்ளே ஊற்றிய அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். அவுட்போர்டு மோட்டாரில் ரேடியேட்டர் கிடையாது. கீழே கியர் கேஸ் பக்கம் உள்ள துளைகள் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. ரப்பர் இம்பெல்லர் அதை மேலே தள்ளுகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள வாட்டர் ஜாக்கெட்டில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் கடலுக்கே போய்விடுகிறது. அதில் கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை வழியே பீய்ச்சி அடிக்கும். பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நீண்ட தண்டில் விசிறி வைத்து, காற்றால் குளிரும் டீசல் எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றை வெளியே கழுவித் துடைத்தால் போதும்.

கரையில்தான் ஆபத்து

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மோட்டார் ஓடும்போது தண்ணீரும் ஓடிக்கொண்டே இருப்பதால் உப்பு அதிகமாகத் தங்குவதில்லை. கரைக்கு வந்து நிறுத்திய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. சூடான எஞ்சினுக்குள் மிஞ்சிய தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தண்ணீர் குறையக் குறைய உப்புக் கரைசல் கெட்டியாகி, கடல் தண்ணீரைப் போலப் பத்து மடங்கு ஆகும். அதற்குப் பிறகு உப்பு படிந்து நிற்கும்.

சரி, காய்ந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். மூடி வைத்தாலும் கசியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கரைந்துவிடும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அதனால் பகலில் காய்ந்த உப்பு ராத்திரியில் மறுபடி கரைசலாகிறது. நாம் தூங்கினாலும் அரிப்பு தூங்குவதில்லை.

எஞ்சின் பிளாக் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருந்து அதைக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்து, ஊசி குத்தியது போலக் குழி பறிக்கிறது. இரும்பு செந்நிறமாகத் துருப்பிடிக்கும், அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும். அந்த மாவும் உப்பும் சேர்ந்து தண்ணீர் போகும் பாதையை அடைக்கும். தண்ணீர் வராவிட்டால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகும். அது நடுக்கடலில் நடந்தால் செலவோடு போகாது, உயிருக்கே ஆபத்து.

"குடிக்கவே தண்ணி இல்ல, மிஷினுக்கா?"

இதை எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். குடத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் ஒரு குடத்தின் அருமை தெரியும். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சினுக்குள் ஒரு லிட்டர் கடல் தண்ணீர் தங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் உப்பு 35 கிராம். 100 லிட்டர் டிரம்மில் மோட்டாரை இறக்கி ஓட்டினால் அந்த உப்பு மொத்தத் தண்ணீரிலும் கலந்து லிட்டருக்கு 0.35 கிராம் ஆகிறது. அதாவது கடலில் நூறில் ஒரு பங்கு. அதே தண்ணீரில் இரண்டாவது மோட்டாரை அலசினால் 0.7 கிராம், மூன்றாவதுக்கு 1.05 கிராம். அப்போதும் கடலைவிட முப்பது மடங்குக்கு மேல் உப்பு குறைவு! ஆகவே மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே டிரம்மைப் பயன்படுத்தலாம். அதற்குக் குடிதண்ணீரும் தேவையில்லை. வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரே கடல் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

ஒரே எச்சரிக்கை: மோட்டாரின் புகையும் அந்தத் தண்ணீருக்குள்தான் வெளிவரும். எண்ணெய் மிதக்கும். அதை வேறு எதற்கும் உபயோகிக்கக் கூடாது, கிணற்றுப் பக்கம் கொட்டவும் கூடாது. தண்ணீர் சூடேறினாலும் மாற்றிவிட வேண்டும்.

அலசும் முறை

1. கரைக்கு வந்த அன்றே, உப்பு காய்வதற்கு முன் அலச வேண்டும்.

2. மோட்டாரை உறுதியான மரச் சட்டத்தில் மாட்டுங்கள். டிரம் எடையைத் தாங்காது. புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள், கை கால் தப்பும்.

3. தண்ணீர் எடுக்கும் துளைகள் நன்றாக மூழ்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஸ்டார்ட் செய்யக் கூடாது. இம்பெல்லர் ரப்பருக்குத் தண்ணீர்தான் உயவு எண்ணெய். காய்ந்து சுற்றினால் கருகிவிடும்.

4. திறந்த வெளியில், நியூட்ரலில், மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஏன் பத்து நிமிடம்? பெரும்பாலான மோட்டார்களில் தெர்மோஸ்டாட் உண்டு. எஞ்சின் சூடாகும் வரை அது மூடியிருக்கும். அது திறந்த பிறகுதான் எல்லாப் பாதையிலும் நல்ல தண்ணீர் முழுதாகப் போகும்.

5. பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்தி, தங்கூசி நரம்பை அந்தத் துளைக்குள் விட்டு அடைப்பை எடுக்கலாம்.

6. முடிந்ததும் மோட்டாரை நேராக நிறுத்தித் தண்ணீர் முழுதும் வடியட்டும். மேல்பாகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். கார்புரேட்டர் பக்கம் தண்ணீரை அடிக்காதீர்கள்.

ஹோஸ் பைப் மாட்ட வசதி உள்ள மாடல்களும் உண்டு. சிலவற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அதை மாட்ட வேண்டும். மோட்டாரோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தன்னைக் கொடுத்துக் காக்கும் கட்டி

மோட்டாரின் அடியில் ஒரு சிறிய உலோகக் கட்டி இருக்கும். தேய்ந்து அசிங்கமாக இருக்கிறதே என்று சிலர் அதற்கும் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதுதான் நாம் முதலாண்டு கெமிஸ்ட்ரியில் படித்த சாக்ரிஃபிஷியல் ஆனோடு! 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி கப்பலின் அடியில் அடித்த செம்புத் தகட்டைக் காக்க இந்த வழியைக் காட்டினார். கட்டி கரைந்தால் மோட்டார் பிழைக்கும். பெயின்ட் அடித்தால் கட்டி பிழைக்கும், மோட்டார் கரையும். பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

தோழர்களே! ஐந்து மார்க் கேள்வி என்று அரிப்பைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடலில் போகிறவர்களுக்கு மோட்டாரைப் பிரித்து மாட்ட நம்மைவிட நன்றாகத் தெரியும். "ஏன்" என்ற காரணத்தைச் சொல்லுவதுதான் நம் பங்கு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டிரம்மும் ஒரு மரச் சட்டமும் தயார் செய்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நம் டிப்ளமோவின் முதல் பயன் அந்தக் கடற்கரையில் தெரியட்டும்!