பெலூம்: வயலுக்கு அடியில் விரியும் குகை

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இரயில் பாதையில், ரேணிகுண்டாவைக் கடந்து கடப்பை வழியாகச் சென்றால் தாடிபத்திரி நிலையம் வரும். அங்கே இறங்கி வடகிழக்காகச் சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோ மீட்டர் பயணம் செய்தால் பெலூம் என்னும் சிற்றூரை அடையலாம். ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டம், கொலிமிகுண்ட்லா மண்டலத்தைச் சேர்ந்த ஊர் இது. 2022-இல் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை கர்னூல் மாவட்டத்தில் இருந்தது. வழியெங்கும் கரிசல் நிலம். பருத்தி, சோளம், கொண்டைக்கடலை. வயல்களுக்கு வேலியாக முள்ளுக்குப் பதில் ஆள் உயரக் கற்பலகைகளை வரிசையாக நட்டிருப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தொலைவில் எர்ரமலைத் தொடரின் தட்டையான முகடுகள்.

குகை என்றவுடன் மலையேற வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். எல்லோரா, அஜந்தா, பாதாமி ஆகிய யாவும் மலைச் சரிவில் மனிதர் உளிகொண்டு குடைந்தவை. பெலூமில் அப்படியொன்றும் இல்லை. சமதளமான வயல்வெளியின் நடுவே, பாழடைந்த கிணறுகளைப் போல மூன்று பள்ளங்கள் மட்டுமே இருந்தன. அவற்றுள் நடுப்பள்ளமே இன்று வாயிலாகியிருக்கிறது. படிகளில் இறங்கினால், 3,229 மீட்டர் நீளத்திற்கு அளந்து வரையப்பட்டுள்ள குகையொன்று மண்ணுக்கடியில் கிளை கிளையாகப் பிரிந்து செல்கிறது. மேகாலயத்தின் குகைகள் இதைவிட நீளமானவை. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்தின் சமவெளிப் பகுதியில் இதனை மிஞ்சும் இயற்கைக் குகை இல்லை என்பர்.

ஊரின் பெயரே குகையிலிருந்து வந்தது. பிலம் என்னும் வடசொல் நிலத்திலுள்ள துளையைக் குறிக்கும். தமிழுக்கும் இச்சொல் புதிதன்று: சீதையைத் தேடிச் சென்ற வானரர்கள் குகையொன்றில் புகுந்து வெளியேறும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்றே பெயர். பிலத்தின் மேல் அமைந்த ஊர் பெலூம் ஆயிற்று.

இந்தக் குகையைச் செதுக்கிய சிற்பி மழைநீர். விழும் மழை காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக மண்ணில் மக்கும் இலைதழைகளிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலத் தன்மை பெறுகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது அந்நீர் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துச் செல்கிறது. வெடிப்பு இடுக்காகி, இடுக்கு வழியாகி, வழி மண்டபமாக விரிவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் நீர்மட்டம் கீழே இறங்க, வெறுமையான அறைகளில் கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் தான் சுமந்து வந்த சுண்ணாம்பில் ஓர் அணுவளவை அங்கேயே விட்டுச் செல்கிறது. கூரையில் கல்விழுதும் தரையில் கல்முளையும் இவ்வாறே வளர்கின்றன. உப்புநீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெண்படலம் படிவதைக் கண்டவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும்.

இங்குள்ள பாறைக்கு நிலவியலாளர் இட்ட பெயர் நார்ஜி சுண்ணாம்புக் கல். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையது. ஆழமற்ற கடலொன்றின் அடியில் ஏடு ஏடாகப் படிந்தது. அந்த ஏடுகளின் ஒழுங்கே இப்பகுதி மக்களின் வாழ்வைத் தீர்மானித்திருக்கிறது. கடப்பாரையை நுழைத்து நெம்பினால் கல் தட்டையான பலகையாகப் பெயர்ந்து வரும். உள்ளூரில் அதன் பெயர் நாபராயி. சுவர், கூரை, தரை, திண்ணை, மாட்டுத் தொட்டி, வயல்வேலி என எல்லாவற்றுக்கும் அதுவே. நம் வீட்டுச் சமையலறை மேடையிலும் அலமாரித் தட்டிலும் கடப்பா கல் என்ற பெயரோடு கிடக்கும் கரும்பலகையும் இந்தச் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்ததே. அம்மி அரைத்த ஈரத்தையும் எலுமிச்சைச் சாற்றின் கறையையும் தாங்கிய அந்தக் கல் எந்த நிலத்தில் பிறந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? எலுமிச்சைச் சாறு பட்டால் அதன் பளபளப்பு மங்குவதும், மழைநீர் இங்கே குகை குடைந்ததும் அடிப்படையில் ஒரே செயல்தான்: அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது.

உள்ளே இறங்குவோருக்கு முதலில் தெரிவது புழுக்கம். மலைக்குகைகளின் குளிர்ச்சியை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். தரையிலிருந்து துளையிட்டுக் காற்றைச் செலுத்தியும் வியர்வை வழிந்துகொண்டே இருக்கும். பார்வையாளருக்குத் திறக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ ஒன்றரை கிலோ மீட்டர். சிங்கத்தின் முகம் போன்ற பாறையைக் கொண்ட சிம்மத்துவாரம், ஆலமரத்தின் விழுதுகள் போலக் கற்கள் தொங்கும் கூடம், ஆயிரக்கணக்கான கல்விழுதுகள் இலிங்கங்களாகத் தோன்றும் கோடிலிங்கங்கள் என ஒவ்வோர் அறைக்கும் பெயர் உண்டு. பெயர்கள் இல்லாவிட்டாலும் அவற்றின் அழகு குறைந்துவிடாது என்பது என் கருத்து. நீர் வழவழப்பாக இழைத்த சுவர்களில் ஓடும் வளைவுகளே போதும். சப்தஸ்வர குகையில் சில கல்விழுதுகளை விரலாலோ மரக்குச்சியாலோ தட்டினால் வெவ்வேறு ஒலி எழும். தட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒன்றின்மேல் நாள்தோறும் எத்தனை குச்சிகள் விழுகின்றன என்று எண்ணினால் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளலாம்.

குகையின் ஆழமான இடம் பாதாளகங்கை. வாயில் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே, வற்றாத சிறு நீரோடையொன்று சற்றுத் தூரம் தெரிந்து பின்னர் பாறைக்குள் மறைகிறது. அது ஏறத்தாழ இரண்டு கிலோ மீட்டர் தொலைவிலுள்ள பெலூம் ஊர்க் கிணற்றுக்குத்தான் செல்கிறது என்பது ஊராரின் நம்பிக்கை. மழை குறைந்த இராயலசீமையில், கோடையில் மேலே வயல் வெடித்துக் கிடக்கக் கீழே நீர் ஓடுகிறது என்பதை அறிந்த மக்கள் அதற்குக் கங்கை என்று பெயரிட்டதில் வியப்பில்லை.

மனிதர் இங்கே வாழ்ந்த காலம் நெடியது. பெலூமுக்கு வடக்கே, ஜுர்ரேரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜ்வாலாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராத் தீவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே தடித்த படுகையாக இன்றும் கிடக்கிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருப்பதை 2007-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஊராருக்கோ அது பாத்திரம் துலக்கும் பொடிக்காக வெட்டி விற்கப்படும் வெண்மண். பெலூம் குகையிலும் பழைய மட்கலங்கள் கிடைத்துள்ளன. சமண, பௌத்தத் துறவிகள் இங்கே தங்கித் தவமியற்றினர் என்பர். பௌத்தச் சின்னங்கள் அனந்தபுரம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. துறவிகள் தேர்ந்த இடம் என்று காட்டப்படும் அறையில் தலையணையோடு கூடிய படுக்கை போன்ற கல் ஒன்று உண்டு.

குகையைப் பற்றி முதலில் எழுத்தில் பதிவு செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட், ஆண்டு 1884. இவர் தமிழ்நாட்டுக்கு அந்நியர் அல்லர். 1863-இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் பழைய கற்கால வரலாற்றைத் தொடங்கி வைத்தவர். பின்னாளில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அதே ஆண்டுகளில் பேத்தம்செர்லா அருகே பில்லசுர்கம் என்னும் குகைத் தொகுதியை அவரும் அவர் மகன் ஹென்றியும் அகழ்ந்து விலங்கெலும்புகளைத் திரட்டினர். அவற்றில் இன்று இப்பகுதியில் இல்லாத காண்டாமிருகமும் இருந்தது. அதற்குக் கர்னூலின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார்கள். ஃபூட் பதிந்த பின் பெலூம் குகையை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆய்வுலகம் மறந்தது. 1982, 1983 ஆண்டுகளில் ஜெர்மானியக் குகை ஆய்வாளர் டேனியல் கெபாவர் தம் குழுவோடு வந்து அளந்து வரைபடம் தயாரித்தார். அவர் பெயரால் ஒரு கூடமும் உள்ளே உண்டு.

அரசியல் வரலாறு பெலூமின் தலைக்கு மேலே கடந்து சென்றது என்றே சொல்ல வேண்டும். 1800-இல் நிசாம் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களுள் இப்பகுதியும் ஒன்று; தாமஸ் மன்றோ அவற்றின் ஆட்சியராக ஏழாண்டுகள் இருந்தார். அருகிலுள்ள கோயில்குண்ட்லாவில், ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி 1847-இல் தூக்கிலிடப்பட்டார்; அச்சமூட்டுவதற்காக அவர் தலையைக் கோட்டைச் சுவரில் முப்பது ஆண்டுகள் தொங்கவிட்டிருந்தனர். பனகானபள்ளியில் தனி நவாபு ஆட்சி 1948 வரை நீடித்தது. நமது சந்தைகளில் பங்கனப்பள்ளி என்று விற்கும் மாம்பழத்தின் சொந்த ஊர் அதுதான். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும் வரை இந்த நிலம் முழுவதும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. 1980-களின் இறுதிவரை பெலூம் குகையின் வாய்கள் குப்பைக்குழிகளாகவே இருந்தன. சுற்றுவட்டாரக் கழிவுகள் அனைத்தும் அங்கே கொட்டப்பட்டன. கரிசல் மண்ணிலோ மணற்பாங்கான நிலத்திலோ இறங்கும் நீர் மெல்லக் கசிந்து ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் அப்படியன்று. நீர் குழாயில் ஓடுவதுபோல வெடிப்புகளில் ஓடிவிடும். பள்ளத்தில் எறிந்தது கிணற்றில் வந்து சேர நெடுநாள் ஆகாது. பாதாளகங்கை ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்று நம்பியவர்களே அதன் வாயில் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். இது பெலூமுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. நம் ஊர்களின் பழங்கிணறுகளை எட்டிப் பார்த்தால் தெரியும்.

நிலைமையை மாற்றியவர்கள் உள்ளூர்க்காரர்கள். கொலிமிகுண்ட்லாவைச் சேர்ந்த சிலர், அவர்களுள் காவல்துறையில் பணியாற்றியவர்களும் உண்டு, குகையைத் தூய்மைப்படுத்தக் கோரி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். 1999-இல் ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் குகையைப் பொறுப்பேற்றது. குப்பையும் சேறும் அகற்றப்பட்டு, நடைபாதையும் விளக்குகளும் காற்றுக் குழாய்களும் அமைக்கப்பட்ட பின், 2002-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று வாயிலருகே குன்றின் பக்கம் அமர்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலை பழைய துறவிகளின் நினைவாக எழுப்பப்பட்டதே.

குகை காப்பாற்றப்பட்டது என்று இத்துடன் முடித்துவிட முடியவில்லை. கற்பலகைக்கு உதவும் அதே சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டுக்கும் மூலப்பொருள். தாடிபத்திரியிலிருந்து கொலிமிகுண்ட்லா வரை பல சிமெண்டு ஆலைகள் எழுந்துள்ளன. அவற்றுள் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் ஆலையும் அடங்கும். மழையை நம்பி ஒரு போகம் விளையும் நிலத்தில் இவை மாதச் சம்பளம் தருகின்றன. கல்லுடைக்கும் குடும்பங்களும் பலகையை மெருகேற்றும் பட்டறைகளும் வயிறு வளர்ப்பது இந்தக் கல்லால்தான். அவர்களிடம் சென்று கல்லைத் தொடாதீர்கள் என்று சொல்ல நகரத்தில் சிமெண்டு வீட்டில் குடியிருக்கும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் நிலத்தடியில் கல்லும் நீரும் தனித்தனியே இல்லை. சுரங்கம் ஆழமாகும்போது நீர்மட்டம் இறங்கினால், மேலிருந்து சொட்டும் துளி நின்றுபோகும். துளி நின்றால் கல்விழுது வளராது. ஓடையும் கிணறும் அதே நீரை நம்பியிருப்பவை. எந்த எல்லைவரை தோண்டுவது, குகையின் நீர்வரத்துப் பரப்பு எது என்பதை அளந்து அறிவித்து, அதை அனைவரும் அறியச் செய்வதே நியாயமான வழி என்று தோன்றுகிறது. அளக்கப்பட்டது மூன்றே கால் கிலோ மீட்டர். பாறைக்குள் மறையும் ஓடையைப் பின்தொடர்ந்து எவரும் செல்ல இயலாத வரை குகை அங்கேயே முடிகிறது என்று கொள்வதற்கில்லை.

காண விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம். பருத்தி ஆடையும் வழுக்காத காலணியும் வேண்டும். மூச்சுத் திணறல், இதய நோய் உள்ளவர்கள் ஆழமான பகுதிகளைத் தவிர்க்கலாம். சில இடங்களில் குனிந்தும் தவழ்வதுபோலும் செல்ல நேரும். ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கினால், பெண்ணாறு செம்பாறையை அறுத்து ஓடும் கண்டிக்கோட்டையையும், மலைக்குகைகளின் அருகே அமைந்த யாகந்தி உமாமகேசுவரர் கோயிலையும் பார்த்துவிடலாம். பெலூமில் குகையை மட்டும் பார்த்துத் திரும்பாமல் ஊருக்குள்ளும் சற்று நடந்து வாருங்கள். கற்பலகைகளைச் சாய்த்து எழுப்பிய சுவர்கள், அவற்றின்மேல் காயும் சோளக்கதிர், தெருவோரம் அடுக்கி வைத்த நாபராயிகள், அவற்றை ஏற்றிச் செல்லக் காத்திருக்கும் லாரிகள். அவற்றுள் சில சென்னைக்கும் வரக்கூடும்.