ராணி வேண்டாம், யானை போதும்!

மழை பெய்து வேலை நின்றுபோன நாட்களில், லயத்து வாசலில் பாட்டில் மூடிகளைப் பரப்பி 'தாம்' ஆடிய பெரியவர்களை ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று உங்களுக்கு ஒரு சதுரங்கப் புதிர் தரப்போகிறேன். பலகை இல்லையே என்ற கவலை வேண்டாம். சிமெண்டுத் தரையில் எட்டுக்கு எட்டாகக் கட்டம் கீறுங்கள். காய்கள் நான்கே நான்குதான். இரண்டு ரப்பர் கொட்டையும் இரண்டு மூடியும் போதும்.

வெள்ளைக்காய் ஆடுபவரின் இடக்கை மூலைக் கட்டம் ஏ1. அங்கிருந்து வலப்பக்கமாக ஏ, பி, சி, டி என்று வரிசைகள். மேல்நோக்கி 1 முதல் 8 வரை எண்கள். பி6-இல் வெள்ளை ராஜா, சி7-இல் வெள்ளைச் சிப்பாய். ஏ1 மூலையில் கறுப்பு ராஜா, டி5-இல் கறுப்பு யானை. இப்போது ஆட வேண்டியது கறுப்பு. சிப்பாய் இன்னும் ஓர் அடி வைத்தால் ராணியாகிவிடும். கறுப்பு தப்புமா?

தப்பும் என்றுதான் 1895-ஆம் ஆண்டு மே மாதம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வாரப் பத்திரிகையில் சதுரங்கப் பகுதி நடத்திய பார்பியர் எழுதினார். வழியையும் அச்சிட்டுவிட்டார்.

யானை டி6-இல் செக். ராஜா பி5-க்கு இறங்குகிறார். (பி7-க்கு ஏறினால் யானை டி7-இல் நின்று சிப்பாயைக் கட்டிப்போடும். சி5-க்குப் போனால் டி1-க்கு ஓடி, ராணி பிறந்ததும் சி1-இலிருந்து செக் வைத்துப் பறித்துக்கொள்ளும்.) யானை டி5-இல் செக், ராஜா பி4. யானை டி4, ராஜா பி3. யானை டி3, ராஜா சி2. இனி செக் வைத்துப் பயனில்லை. யானை டி4-க்குப் போய்க் காத்திருக்கிறது. சிப்பாய் சி8-ஐத் தொட்டு ராணியாகிறது. உடனே யானை சி4-இல் செக்! வெட்டாவிட்டால் ராணி போகும். வெட்டினாலோ, கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர ஓர் இடமும் இல்லை. ஆட்டம் சமன்.

பத்திரிகையிலேயே வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று பலரும் விட்டிருப்பார்கள். கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் பெர்னாண்டோ சாவெத்ரா விடவில்லை. அவர் பேர்போன ஆட்டக்காரரும் அல்லர். சிப்பாய் சி8-க்குப் போனதும் ராணியாகத்தான் வேண்டுமா, யானையானால் என்ன என்று பார்த்தார். அந்த யானை ஏ8-க்குப் போனால் கறுப்பு ராஜாவுக்கு ஆபத்து. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்குத்தான் வர வேண்டும். வெள்ளை ராஜா பி3-க்கு வருகிறார். ஒரு பக்கம் யானையை வெட்டுவார்; மறுபக்கம் சி1-இல் வெள்ளை யானை வந்தால் ராஜாவே முடிந்தார். இரண்டையும் எப்படித் தடுப்பது? வெள்ளைக்கு வெற்றி!

இதில் இன்னொரு சங்கதி. ராஜா பி4-இலிருந்து பி3-க்குப் போகாமல் சி3-க்குப் போனாலும் ஜெயிக்கலாம். யானை டி1-க்கு ஓடும். சி2-இல் நின்று துரத்தினால் டி4-க்கே வந்து சேரும். இது சுற்றுவழிதான். சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பதை நான் வேறு விடையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாவெத்ரா கண்டதோ, முடிவையே மாற்றிய விடை.

விசுவநாதன் ஆனந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970-களின் இறுதியில் அவர் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே பகலில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி. கடைசியில் ஒரு புதிர். பையன் பள்ளியில் இருக்க, தாயார் சுசீலா அம்மையார் அதைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் வாங்கிக் குவித்ததைக் கண்டு, "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்றார்களாம்! அவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

நம் வீட்டில் பிள்ளை வேறு விடை சொன்னால் என்ன செய்கிறோம்? "புத்தகத்தில் அப்படி இல்லை, வாயை மூடு" என்கிறோம். சிறுவயதில் நானும் அதைக் கேட்டவன்தான். கணக்கு சரியா, தவறா என்று ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அதன்பிறகு நான் கையைத் தூக்கியதே இல்லை.

சரி, ஒரு கேள்வி பாக்கி. சிப்பாய் யானையான பிறகும் கறுப்பு யானை சி4-இல் வந்து செக் வைத்தால்? நான் சொல்லப்போவதில்லை. மாலையில் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காய்களை நகர்த்திப் பாருங்கள். ஏ2 கட்டத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.