வீட்டிற்கு வந்த குழலோர்கன்

ஆர்மோனியப் பெட்டியின் முன்புறத்தே சிறு குமிழ்கள் சில இருத்தலை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் ஒன்றை வெளியே இழுத்ததும் காற்றுக்கு ஒரு வழி திறக்கின்றது. அதுவரை அடங்கியிருந்த உலோக நாக்குகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. குமிழை உள்ளே தள்ளியதும் அவ்வொலி அடங்கிவிடுகின்றது. கட்டைகள் அவையே, விரல்களும் அவையே, ஆயினும் ஒலியின் நிறம் மாறிவிடுகின்றது. இச்சிறு குமிழின் தொழிலைப் பன்மடங்கு பெருக்கிப் பார்த்தால், மேனாட்டுத் தேவாலயங்களில் ஒலிக்கும் குழலோர்கனின் இயல்பு ஒருவாறு விளங்கும்.

குழலோர்கனிலே, ஒவ்வொரு குமிழும் ஒரு குழல்வரிசையை ஆளுகின்றது. சில குமிழ்கள் பல வரிசைகளை ஒருங்கே ஆளுவதும் உண்டு. குமிழையும் அது ஆளும் ஒலியையும் ஆங்கிலேயர் ஸ்டொப் என்பர். குமிழின் முகத்திலே 8 என்று எழுதியிருப்பின், அவ்வரிசையின் மிகத் தாழ்ந்த சுரத்துக்குரிய திறந்த குழல் ஏறத்தாழ எட்டு அடி நீளம் என்பது பொருள். 16 என்று எழுதிய வரிசை அதனினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்தும், 4 என்று எழுதிய வரிசை ஒரு ஸ்தாயி உயர்ந்தும் ஒலிக்கும். புல்லாங்குழல்போல் மெல்லென ஒலிப்பன சில. எக்காளம்போல் முழங்குவன சில. இவற்றுள் எவ்வெவற்றை எவ்விடத்தே சேர்ப்பது, எவ்விடத்தே விலக்குவது என்று தேர்ந்து இயக்குதலே றெஜிஸ்ரேஷன் எனப்படும். இதனைக் குழற்றேர்வு எனலாம். ஓர்கன் வாசிப்போரின் கலையிற் பாதி இத்தேர்விலேயே அடங்கியுள்ளது என்று கூறுவது மிகையாகாது.

இத்தேர்வில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஓர்கன் வாசிப்பவரின் இரு கைகளும் கட்டைவரிசைகளிலே ஓடிக்கொண்டிருக்கும். இரு பாதங்களும் கீழேயுள்ள பாதக்கட்டைகளை மிதித்துக்கொண்டிருக்கும். கண்களோ இசைத்தாளிலே பதிந்திருக்கும். இந்நிலையில் ஆறு குமிழ்களை இழுத்து நான்கைத் தள்ளுவது எங்ஙனம்? ஹம்பேர்க் நகரின் புனித யாக்கோபு ஆலயத்திலே ஆர்ப் ஷ்னிட்கர் 1693 ஆம் ஆண்டில் நிறைவுசெய்த பேரோர்கனில் 60 குமிழ்கள் இருந்தன. அக்காலத்து ஓர்கன்களிலே, இசையின் இடைவெளிகளிற் கையை எடுத்துத் தாமே குமிழை மாற்றுவதும், பக்கத்தில் நிற்கும் உதவியாளரைக்கொண்டு மாற்றுவிப்பதுமே வழியாக இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதற்கு வேறு வழிகளைக் கண்டது. 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியிலே ஹென்றி வில்லிஸ் வைத்த ஓர்கனில், கட்டைவரிசைகளுக்கு நடுவே சிறு பொத்தான்கள் அமைந்திருந்தன. பெருவிரலால் ஒன்றை அழுத்தினால், அதற்கென ஒதுக்கிய குமிழ்கள் ஒருங்கே இயங்கின. இப்பொத்தானே பிஸ்டன் எனப்படுவது. பிரான்சு நாட்டிலே கவாயே-கோல் வேறொரு முறையைக் கையாண்டார். அவர்தம் ஓர்கன்களில், முழக்கமிடும் வரிசைகளின் குமிழ்களை முன்னரே இழுத்து வைத்துவிடலாம். ஆயினும், பாதத்தால் ஒரு மிதியை அழுத்தும் வரை அவற்றுக்குக் காற்றுச் செல்லாது. மிதியை அழுத்திய கணத்தில் அவை ஒருங்கே முழங்கும். ஆங்கிலேயரின் பெருவிரலும் பிரெஞ்சுக்காரரின் பாதமும் தேடியது ஒன்றே: கட்டையை விட்டுக் கையை எடுக்காமல், இசைத்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒலியை மாற்றும் வழி.

இன்று இவ்வோர்கன்கள் வீட்டிற்கே வந்துவிட்டன. ஒரு தேவாலயத்து ஓர்கனின் குழல்களை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, தேவாலயத்தின் எதிரொலியோடு பதிவுசெய்து, அப்பதிவுகளைக் கணினியிலே சேர்த்து வைக்கின்றனர். வீட்டிலிருப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குரிய குழலின் பதிவு ஒலிபெருக்கி வழியே ஒலிக்கின்றது. 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாப்ட்வேர்க் என்னும் மென்பொருள் இத்துறையிற் பெயர்பெற்றது. கிராண்ட்ஓர்க் என்பது கட்டணமின்றிக் கிடைப்பது. வில்லிஸ் 1877 இல் சோல்ஸ்பரிப் பேராலயத்துக்குச் செய்த ஓர்கனையும், கவாயே-கோல் 1885 இல் கேன் நகரத்துப் புனித எத்தியேன் ஆலயத்துக்குச் செய்த ஓர்கனையும் ஒரே அறையில், ஒரே கட்டைவரிசையில், ஒருவர் மாற்றி மாற்றி வாசிக்கலாம்.

எனினும், ஒலி வீட்டிற்கு வந்த அளவுக்குக் குமிழ்கள் வரவில்லை. அவை கணினித் திரையிலே வெறும் படங்களாகவே தோன்றுகின்றன. அவற்றை இழுக்கச் சுட்டியைப் பிடித்தல் வேண்டும். சுட்டியைப் பிடிக்கக் கட்டையை விட்டுக் கையை எடுத்தல் வேண்டும். படத்தைக் காணத் தாளை விட்டுக் கண்ணை எடுத்தல் வேண்டும். தொடுதிரை சிறிது உதவும். ஆயினும் வழுவழுப்பான கண்ணாடியிலே விரல் தானாக இடமறியாது. அதனாலே வீட்டோர்கன் அமைப்பவர் தம் குழற்றேர்வுக் கருவிகளைத் தாமே திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டியவராகின்றார். அவர் முதலிற் கொள்ளவேண்டிய கொள்கை ஒன்றுண்டு. ஓர்கன்கள் மாறலாம்; பொத்தானின் இடமும் தொழிலும் மாறலாகாது. ஒவ்வோர் ஓர்கனுக்கும் ஒவ்வொரு விதமாகப் பொத்தான்களை ஒதுக்கினால், மூளை அதனை நினைவிற் கொண்டாலும் பெருவிரல் கொள்ளாது.

ஆதலால் வேலையை ஒரு தாளும் பென்சிலும் கொண்டு தொடங்குதல் நன்று. இரு கட்டைவரிசைகளும் பாதக்கட்டைகளும் உள்ள ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். கீழ்வரிசை கிரேட் எனப்படும் முதன்மைப் பகுதிக்கு உரியது. மேல்வரிசை சுவெல் எனப்படும் பகுதிக்கு உரியது. சுவெற் குழல்கள் மடல்கதவுகள் உள்ள பெட்டியினுள் நிற்பவை. ஒரு மிதியால் அக்கதவுகளைத் திறந்தும் மூடியும் ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் முடியும். ஒவ்வொரு வரிசையின் கீழும், பெருவிரல் எட்டும் இடத்தில், அவ்வப் பகுதியின் குமிழ்களை மாத்திரம் மாற்றும் பொத்தான்கள் ஐந்தோ ஆறோ நடுவே அமையட்டும். எல்லாப் பகுதிகளையும் ஒருங்கே மாற்றும் பொதுப் பொத்தான்கள் இடப்புறத்தே அமையட்டும். இன்றியமையாத பொதுப் பொத்தான்களுக்கு இணையாகப் பாதத்தால் அழுத்தும் குமிழ்களும் இருத்தல் நன்று. கைகள் இரண்டும் ஓய்வின்றியிருக்கும் இடத்தில் பாதம் சிறிது ஓய்ந்திருத்தல் கூடும். நினைவிற் பதிக்கும் பொத்தானைக் கீழ்வரிசையின் இடக்கோடியிலும், எல்லாவற்றையும் நீக்கும் பொத்தானை வலக்கோடியிலும் வைப்பது ஆங்கில, அமெரிக்க ஓர்கன்களிற் பெரிதும் காணும் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. நீக்கும் பொத்தான் மற்றவற்றின் அருகே இருந்து, பெருவிரல் தவறி அதன்மேற் பட்டால், பாட்டின் நடுவே ஓர்கன் முழுவதும் வாயடைத்துவிடும்.

அடுத்து, பொத்தானின் வகையைக் கருதுதல் வேண்டும். வீட்டு விளக்கின் ஆளிபோல, அழுத்திய நிலையிலேயே நிற்பது ஒருவகை. அழுத்தி விட்டவுடன் மேலெழுந்து பழைய நிலைக்கு வருவது மற்றொருவகை. மலிவாகக் கிடைக்கின்றதென்று முதல்வகையைக் குமிழ்களுக்குப் பயன்படுத்துவோர் விரைவில் ஒரு சிக்கலைக் காண்பர். ஒரு குழல்வரிசையை ஆளியால் திறந்தபின், ஒரு பிஸ்டனை அழுத்தக் கணினி அவ்வரிசையை மூடிவிடுகின்றது. ஆளியோ திறந்த நிலையிலேயே நிற்கின்றது. கண் காண்பது ஒன்று, காது கேட்பது ஒன்று. ஆதலால் மேலெழும் வகைப் பொத்தானையே கொண்டு, அதனுள்ளே ஒரு சிறு விளக்கை வைத்து, அவ்விளக்கைக் கணினியே ஏற்றவும் அணைக்கவும் செய்தல் வேண்டும். மின்காந்தத்தால் தாமே வெளிவந்து உட்செல்லும் குமிழ்களும் உண்டு. அவை சிறந்தவை, ஆயினும் விலை மிகுந்தவை. எதுவாயினும், உண்மை நிலை கணினியில் இருக்கின்றது. கருவி அதனைக் காட்டவேண்டும்.

பொத்தான்களிலிருந்து வரும் மின்கம்பிகள் ஒரு சிறு மின்பலகையை அடைகின்றன. அப்பலகை ஒவ்வோர் அழுத்தத்தையும் மிடி என்னும் குறிமொழியில் மாற்றிக் கணினிக்கு அனுப்புகின்றது. 1983 ஆம் ஆண்டு முதல் இசைக்கருவிகளிற் பயின்றுவரும் இம்மொழியில் 16 தடங்கள் உள்ளன. ஒவ்வொரு தடத்திலும் 128 சுர எண்கள் உள்ளன. 61 கட்டைகள் கொண்ட வரிசை 36 முதல் 96 வரையான எண்களைப் பயன்படுத்தும். கீழ்வரிசைக்கு முதலாம் தடம், மேல்வரிசைக்கு இரண்டாம் தடம், பாதக்கட்டைகளுக்கு மூன்றாம் தடம் என்று ஒதுக்கியபின், பொத்தான்களுக்கு நான்காம் தடத்தைத் தனியே ஒதுக்குதல் வேண்டும். பொத்தானும் கட்டையும் ஒரே தடத்தில் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டால், ஒரு சுரத்தை வாசிக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு குழல்வரிசை திறந்தும் மூடியும் அலைக்கழிக்கும். புதியவர்கள் மென்பொருளின் பிழையென்று மயங்கும் பல இடையூறுகள் இவ்வாறு விளைபவையே.

இனிக் கணினிக்குப் பொத்தானை அறிமுகம் செய்தல் வேண்டும். இது எளிது. திரையில் உள்ள பிஸ்டன் படத்தின்மேற் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, தானே கண்டறியும்படி பணித்து, உரிய பொத்தானை அழுத்திக் காட்டினால், மென்பொருள் அதனை நினைவிற் கொள்ளும். ஒலி பெருக்கும் மிதியையும் இவ்வாறே அறிமுகம் செய்யும்போது, அதனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதும் அசைத்துக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் பெட்டியின் கதவுகள் ஒருபோதும் முற்றாக மூடா.

ஆனால் எந்தப் படத்துக்குப் பொத்தானை இணைப்பது என்பதிலே சிந்தனை வேண்டும். சோல்ஸ்பரி ஓர்கன் பிஸ்டன் மரபைச் சேர்ந்தது. கேன் ஓர்கன் மிதிகளின் மரபைச் சேர்ந்தது. பழைய ஜெர்மானிய ஓர்கன்களுக்கோ இரண்டும் இல்லை. ஆதலால், ஓர்கனுக்கே உரிய பிஸ்டன்களோடு மாத்திரம் பொத்தான்களை இணைத்தவர், வேறோர் ஓர்கனைத் திறந்ததும் வெறுங்கையராவர். மென்பொருளே எல்லா ஓர்கன்களுக்கும் பொதுவாகச் சில பிஸ்டன்களைத் தருகின்றது. இடப்புறத்துப் பொதுப் பொத்தான்களை இவற்றோடு இணைத்துவிட்டால், எந்த ஓர்கன் வந்தாலும் அவை தம் தொழிலை மாறாது செய்யும். கேன் ஓர்கனுக்குரிய மிதிகளைப் பாதக்குமிழ்களோடு இணைத்துப் பழகுவதும் பயனுடையதே. பிரெஞ்சு இசைத்தாள்களில் இன்ன இடத்திலே முழக்க வரிசைகளைச் சேர்க்க என்று காணும் குறிப்புகளின் பொருள் அப்போதுதான் காலுக்கு விளங்கும்.

நினைவிற் பதிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நான்கு சரணங்கள் கொண்ட ஒரு ஞானப்பாட்டைச் சபையார் பாடுகின்றனர் என்க. முதற் சரணத்துக்குக் கிரேட்டின் எட்டடி, நான்கடி முதன்மை வரிசைகள். இரண்டாவதற்கு மெல்லிய எட்டடிப் புல்லாங்குழல் வரிசையும், பாதத்திற் பதினாறடி வரிசையும். மூன்றாவதற்குச் சுவெல் எக்காளம், முதலிற் பெட்டி மூடியும் பின்னர் மெல்லத் திறந்தும். இறுதிக்கு இரண்டடியும் கலப்பு வரிசையும் சேர்ந்த முழுக் கிரேட். சுவெல் அதனோடு இணைந்திருக்கும். முதலாவதற்குரிய குமிழ்களை இழுத்து, பதிக்கும் பொத்தானைப் பிடித்தவண்ணம் முதலாம் பொதுப் பிஸ்டனை அழுத்தினால் அது பதிவாகின்றது. ஏனையவையும் அவ்வாறே. சரணங்களுக்கு இடையே சபை மூச்செடுக்கும் ஓரிரு விநாடிகளில், ஒரு பெருவிரலசைவால் ஒலி முழுவதும் மாறிவிடும்.

இப்பதிவுகளை வரிசையாகக் கோத்து, அடுத்தது என்னும் ஒரே பொத்தானால் ஒன்றன்பின் ஒன்றாக வரவழைக்கும் முறையும் உண்டு. இது மிக வசதியானது. ஆபத்தும் இதிலேதான் உள்ளது. பொத்தான் நடுங்கி ஓரழுத்தம் இரண்டாகப் பதிவானால், மெல்லிய சரணம் வரவேண்டிய இடத்தில் எக்காளம் முழங்கும். அதன்பின் வருவன யாவும் ஒருபடி முந்தியே வரும். ஆதலால் அடுத்தது என்னும் பொத்தானுக்கு அருகே முந்தையது என்னும் பொத்தானும், எத்தனையாவது பதிவு என்று எண்ணைக் காட்டும் ஒரு சிறு முகப்பும் இருந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு பாட்டின் பதிவுத் தொகுதியையும் தனிப் பெயரிட்டுச் சேமிப்பதும், அதற்கு ஒரு பிரதி வைப்பதும் மறக்கலாகாதவை.

இவ்வளவு முயற்சியும் யாது கருதி என்று வினவலாம். வீட்டோர்கன் வைத்திருப்போர் பலர் ஞாயிறுதோறும் தேவாலயத்திலே வாசிப்பவர்கள். வீட்டிலே ஒரே பொத்தானுக்குப் பழகிய பெருவிரல், அத்தகைய பொத்தான் இல்லாத தேவாலய ஓர்கனிலே கடைசிச் சரணத்தின் வாயிலில் வெற்றுமரத்தைத் தடவிக்கொண்டு நிற்கும். அவ்வேளை சபை முழுவதும் காத்திருக்கும். ஆதலால் தேவாலயத்துப் பொத்தான்கள் எத்தனை, எவ்விடத்தன, எவ்வரிசையின என்று அளந்து குறித்துவந்து, வீட்டிலும் அவ்வண்ணமே அமைப்பவரே அறிவுடையார்.

எல்லாம் அமைந்தபின் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கண்களை மூடிக்கொண்டு, ஒரு சுரத்தைப் பிடித்தவண்ணம், மூன்றாம் பிஸ்டனைத் தேடவேண்டும். விரல் தயங்காது அதனைச் சென்றடையுமாயின் அமைப்பு நன்று. தயங்குமாயின் பொத்தானின் இடத்தைத்தான் மாற்றவேண்டும். இலண்டன் கண்காட்சியில் வில்லிஸ் பொத்தான்களைக் கட்டைகளின் நடுவே வைத்ததும் இதனை எண்ணியே. இன்று குழல்களின் இடத்தே கணினி வந்திருக்கலாம். வாசிப்பவரின் பெருவிரல் இருக்குமிடம் மாறவில்லை.