ஓவனில் சிதறும் கண்ணாடித் தட்டு: கடைக்காரர் தலையில் விழும் பொறுப்பு

புது தில்லி: அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று மத்திய அரசு புதுப்பெயர் சூட்டியது. ஊரின் பெயர் மாறினாலும் அதன் வணிக மையம் அபர்டீன் பஜார்தான். தமிழ் வணிகர்களும் நெடுங்காலமாகத் தொழில் செய்துவரும் இந்தக் கடைவீதிக்கு, சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கடல் கடந்து சரக்கு வருகிறது.

இங்கே ஒருவர் கேக் செய்வதற்காகக் கண்ணாடித் தட்டு ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப் பெட்டியில் விலை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் தயாரானது என்பதும், இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால், அது எந்த வகைக் கண்ணாடி என்பதைத் தெரிவிக்குமாறு அந்த விதிகள் கேட்கவில்லை. ஓவனிலிருந்து எடுத்த தட்டு, சமையல் மேடையில் வைத்ததும் சிதறுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பதோ அந்த ஒரு விவரம்தான்.

இருவகைக் கண்ணாடி

கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சூடான தட்டின் அடிப்புறம் திடீரெனக் குளிர்ந்தால், அந்தப் பகுதி சுருங்க முயல்கிறது. இன்னும் சூடாக உள்ள மற்றப் பகுதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. இந்த இழுவிசையைக் கண்ணாடியால் தாங்க முடியாது. கழுவும்போது விழுந்த சிறு கீறல்கூட விரிசலின் தொடக்கமாகிவிடும்.

சாதாரண ஜன்னல், பாட்டில் போன்றவற்றுக்கும் பயன்படுவது சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. போரான் கலந்த போரோசிலிக்கேட் கண்ணாடி, வெப்பத்தால் அதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிவடையும். ஆய்வுக்கூடக் குடுவைகள் இதனால் செய்யப்படுவது இக்காரணத்தால்தான்.

சமையலறைக்கு இது வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்த ஜெஸ்ஸி லிட்டில்டன், 1913இல் பேட்டரி ஜாடி ஒன்றின் அடிப்பகுதியை வெட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் செய்து காட்டினார். 1915இல் 'பைரெக்ஸ்' பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 1962இல் தொடங்கப்பட்ட போரோசில் நிறுவனமும் கார்னிங்கின் கூட்டுறவில் வளர்ந்ததே. 1988இல் கார்னிங் அதிலிருந்து விலகிக்கொண்டது.

அமெரிக்காவில் எழுந்த சர்ச்சை

காலப்போக்கில் அமெரிக்காவில் விற்கப்படும் பைரெக்ஸ் பாத்திரங்கள், வெப்பத்தால் பதப்படுத்திய சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு மாறின. ஐரோப்பாவில் போரோசிலிக்கேட் தொடர்ந்தது. தட்டுகள் வெடித்துச் சிதறியதாகப் புகார்கள் எழவே, அந்நாட்டின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் சோதனை நடத்தி 2011 ஜனவரி இதழில் முடிவுகளை வெளியிட்டது. சூடேற்றிய மணல் நிரப்பிய தட்டுகள் ஈரமான கருங்கல் மேடையில் வைக்கப்பட்டன. சோடா சுண்ணாம்புத் தட்டுகள் உடைந்த வெப்பநிலையை ஐரோப்பியத் தட்டுகள் தாங்கின. சூட்டை மேலும் கூட்டியபோது அவற்றிலும் பெரும்பாலானவை உடைந்தன.

2012இல் அமெரிக்க பீங்கான் கழகத்தின் இதழில் வந்த கட்டுரை, திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்கும் அளவு சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்குச் சுமார் 55 டிகிரி செல்சியஸ், போரோசிலிக்கேட்டுக்குச் சுமார் 183 டிகிரி என்று கணக்கிட்டது. தயாரிப்பு நிறுவனம் தொடுத்த வழக்கு மறு ஆண்டே தள்ளுபடியானது.

நிறுவனத்தின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பதப்படுத்திய சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ எளிதில் உடையாது என்பது அதன் வாதம். இரண்டுக்கும் பயன் உண்டு என்பதே உண்மை. எதை வாங்குகிறோம் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி.

கண்ணாடி இல்லாத ஆணை

வெடித்த பிரஷர் குக்கர்களால் பாடம் கற்ற அரசு, அவற்றுக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. விதியை மீறிய குக்கர்களை விற்க இடமளித்ததற்காக அமேசான், பிளிப்கார்ட் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தலா ரூ. 1 லட்சம் அபராதம் விதித்தது. 2024 மார்ச்சில் பிறப்பிக்கப்பட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணை, எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களை முத்திரை வளையத்துக்குள் கொண்டுவந்தது. ஓவனுக்குள் செல்லும் கண்ணாடி அந்த ஆணையில் இல்லை.

ஆகவே மிஞ்சுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டுமே. 2019 ஆகஸ்ட் 6ஆம் தேதி மாநிலங்களவை இதை நிறைவேற்றியபோது, நாட்டின் கவனம் முழுவதும் அதே நாளில் மக்களவையில் நடந்த காஷ்மீர் விவாதத்தின் மீதே இருந்தது. 'பொருள் பொறுப்பு' என்ற புதிய அத்தியாயம் இச்சட்டத்தில் உண்டு. தயாரிப்பில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தரப்படாவிட்டாலும், காயமடைந்தவர் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோரலாம்.

அபர்டீன் பஜார் போன்ற கடைவீதிகள் கவனிக்க வேண்டியது 86ஆவது பிரிவை. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தால், விற்றவரே பொறுப்பேற்க வேண்டியிருக்கும். பெயர் தெரியாத வெளிநாட்டுத் தட்டை நல்ல நம்பிக்கையில் வாங்கி விற்ற சிறு வணிகரும் வழக்கில் சிக்கக்கூடும். கண்ணாடியின் வகை அவருக்கும் சொல்லப்பட்டிருக்காது. வாங்கியவர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது வழக்கு நிற்காது என்பது ஒன்றே அவருக்கு ஆறுதல்.

தீவுவாசிகள் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். ரூ. 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமில்லை. காணொலி வழி விசாரணையும் கோரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ரசீதும், உடைந்த துண்டுகளும், அட்டைப் பெட்டியும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். துண்டுகளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரமுண்டு.

அதுவரை எச்சரிக்கையே காப்பு. சூடான தட்டை ஈரத் துணியிலோ கடப்பைக் கல் மேடையிலோ வைக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை நேரே ஓவனில் நுழைக்கக்கூடாது. சூடான தட்டில் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது. கேஸ் அடுப்பின் சுடரில் ஏற்றவே கூடாது. கீறல் விழுந்த தட்டை ஓவனுக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

தட்டின் அடியில் கண்ணாடியின் வகையைப் பொறிக்க வேண்டும் என்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. எடையளவு விதிகளைத் திருத்தி, நுகர்வோர் விவகார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். அதைக் கேட்கத் தீவுகளுக்குச் சட்டப்பேரவை இல்லை, மாநிலங்களவையிலும் இடமில்லை. மக்களவையில் இருக்கும் ஒரே ஓர் உறுப்பினரின் குரலோடு, கப்பல் சரக்கு புறப்படும் சென்னையின் உறுப்பினர்களும் சேர்ந்து கேள்வி எழுப்பினால், அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும்.