கடவுச்சீட்டின் கடைசி ஆறு மாதங்கள்

கடவுச்சீட்டு அதில் அச்சிட்ட இறுதி நாள்வரை எங்கும் செல்லும் என்றே வாடிக்கையாளர் பலர் கருதுகின்றனர். தாயகம் திரும்ப அது செல்லும். சிங்கப்பூரில் நுழையவோ ஆறு மாதக் காலம் மீதமிருத்தல் வேண்டும். மே 20-இல் காலாவதியாகும் கடவுச்சீட்டுடன் டிசம்பரில் புறப்படுபவரைக் கொல்கத்தா விமான நிலையத்திலேயே விமான நிறுவனம் நிறுத்திவிடும். அங்கே மறுக்கப்படும் பயணியைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு அதனுடையது அன்றோ! பயணச்சீட்டுப் பணம் பெரும்பாலும் திரும்பாது. காத்மாண்டு செல்வோர்க்கு இக்கவலை இல்லை. வாக்காளர் அடையாள அட்டையே போதும்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர்க்கு 36 பக்கச் சீட்டின் கட்டணம் ரூ.1,500, தத்கால் எனில் ரூ.2,000 கூடுதல். பழைய சீட்டில் அமெரிக்க விசா இருப்பின் இரண்டையும் உடன் கொண்டு செல்க. எண் மாறுவதால், வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குடையோர் புதிய நகலைக் கிளையில் அளித்தல் வேண்டும்.